பொன்னாடைக்கு உரியவர் எவர்?

 

ஆண்டுதோறும் ஜனவரி 12ஆம் நாளை அயலகத் தமிழர் நாளாகத் தமிழ்நாடு அரசு கொண்டாடி வருகிறது. இந்திய அரசும் 2003 முதல் ஜனவரி 9ஆம் நாளை வெளிநாடுவாழ் இந்தியருக்குரிய நாளாக அமைத்துச் சிறப்புச் செய்து வருகிறது. கடல் கடந்து சென்று, சென்ற ஊரில் தம் மக்களுக்குத் தலைமையேற்று, அந்நாட்டுப் பொதுவாழ்விலும் பெயர் பெற்றவர்கள் அழைக்கப்பட்டுப் பாராட்டப்படுகின்றனர். நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் இதே வழியில் வரவேற்பு விழாக்கள் நடத்துகின்றன. இதில் குறை காண ஏதுமில்லை. மனிதருக்கு நன்றி பாராட்டத் தெரியாதவர் இறைவனுக்கும் நன்றியுடையவராக இருக்க இயலாது என்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த பாடம்.

எனினும் அந்த நன்றி யாரை அடைகிறது, யாரைத் தாண்டிச் செல்கிறது என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பிழைக்கச் சென்ற நம் முன்னோரைப் போற்றும் நாம், ஒரகடத்திற்குப் பிழைக்க வந்த சகோதரரைப் பள்ளிவாசலின் கடைசி வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறோம். இந்த முரண்பாட்டைக் கண்டிக்கவே இக்கட்டுரை.

சென்றவர்களின் வரலாறு

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. 1801ஆம் ஆண்டளவில், கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியினர் அளித்த நிலத்தில் அது எழுந்தது. தமிழகக் கரையிலிருந்து சென்ற காதர் முகைதீன் என்பவரே அந்தக் கப்பித்தான். தம் மக்களுக்கும் ஆட்சியாளருக்கும் இடையில் நின்று பேசுவதே அவருடைய பொறுப்பு. மொழி தெரியாத துறைமுகத்தில் இறங்கிய கூலித் தொழிலாளிக்கும் சிறு வணிகருக்கும் முறையிட ஓர் ஆள் இருந்தார் என்பதே அப்பதவியின் பொருள். இன்று அப்பள்ளிவாசல் நிற்கும் தெருவே அவருடைய பதவிப் பெயரைத் தாங்கியிருக்கிறது.

சிங்கப்பூரில் சூலியா முஸ்லிம்கள் என அழைக்கப்பட்ட நம்மவர்கள், அன்சார் சாயிபு தலைமையில் 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினர். கடையநல்லூரிலிருந்து சென்று உழைத்த எளிய மக்கள் 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீகைத் தொடங்கினர். போர் முடிந்த மறு ஆண்டான 1946இல் அச்சங்கமே உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் திறந்தது. அந்நிய மண்ணில், தம் பிள்ளைகள் தாய்மொழியில் கற்பதற்கு அவர்கள் கட்டிய பள்ளி அது.

நம்மைப் போன்றே பிற சமூகங்களுக்கும் இவ்வரலாறு உண்டு. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தால் அயர்லாந்து மக்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். பாஸ்டன் நகரில் அவர்களுடைய வறுமையும் கத்தோலிக்க மார்க்கமும் இழிவாகக் கருதப்பட்டன. ஆனால் 1884இல் அதே நகரின் மேயராக, அயர்லாந்தில் பிறந்த ஹியூ ஓபிரையன் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஐரிஷ் வழிவந்த சமூகத் தலைவர்களுக்கும், காவல்துறையிலும் தீயணைப்புத் துறையிலும் பணியாற்றியவர்களுக்கும் விழா எடுக்கிறார்கள். வாசலில் நிறுத்தப்பட்டவரின் பேரப்பிள்ளைகளுக்கு மேடை கிடைத்திருக்கிறது. வாசலில் நின்ற நாளிலேயே அவருக்குக் கைகொடுத்தவர் எத்தனை பேர் என்பதைத்தான் நாம் சிந்திக்க வேண்டும்.

வந்தவர்களின் நிலை

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பின்னர் ஒரகடத்தில் ரெனோ நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், மாத்தூர், படப்பை எனச் சிற்றூர்களெல்லாம் வாடகை அறைகளாக மாறின. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அவ்வறைகளில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அவர்களுள் கலிமா சொன்னவர்களும் ஏராளம். ஜும்ஆ நாளில் இப்பகுதிப் பள்ளிவாசல்களின் வெளி முற்றத்தையும் மாடியையும் நிரப்புபவர்கள் அவர்களே.

அவர்களை நாம் எப்பெயரால் அழைக்கிறோம்? "வடக்கன்" என்கிறோம். பினாங்கில் நம் முன்னோரைச் சுட்டிய "கிளிங்" என்ற சொல்லை இன்று எவரேனும் நம்மை நோக்கி உச்சரித்தால் கொதித்தெழுகிறோம். அதே வகைச் சொல்லை நம் பிள்ளைகள் தொழுகை வரிசையில் நிற்பவரைப் பார்த்துச் சொல்லும்போது சிரிக்கிறோம்.

அம்மக்களிடையேயும் கப்பித்தான்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பட்டமோ பதவியோ இல்லை. பத்தாண்டுகளுக்கு முன் வந்து, தமிழ் கற்றுக்கொண்டு, புதிதாக வருபவருக்கு அறை பிடித்துத் தருபவர். இயந்திரத்தில் விரல் இழந்தவரை ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மொழிபெயர்ப்பவர். இறந்தவரின் ஜனாஸாவைச் சொந்த ஊருக்கு அனுப்ப அறை அறையாகச் சென்று பணம் திரட்டுபவர். 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அவை பொய் எனக் காவல்துறை அறிவித்தது; பீகார் அரசின் குழுவும் நேரில் வந்து விசாரித்தது. அறிக்கைகளைப் படிக்க இயலாதவனுக்கு, அவன் மொழியில் "அஞ்சாதே, நானிருக்கிறேன்" என்று சொல்லும் ஒரு மூத்தவரின் குரல் எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள். அத்தகையவரில் ஒருவருக்கேனும் நம் மேடைகளில் நாற்காலி போடப்பட்டதுண்டா?

மறந்துபோன பொதுப்பணியாளர்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் 1991 மே 21ஆம் நாள் நாட்டினர் அனைவருக்கும் நினைவுக்கு வரும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி அவர்கள் கொல்லப்பட்ட இடத்தில் நினைவிடம் உள்ளது. அன்று அவரோடு பாதுகாப்புப் பணியில் இருந்தோரும் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் காவல் கண்காணிப்பாளர் முகம்மது இக்பால். அன்று மாண்டோருள் சந்தானி பேகம் என்ற பெண்மணியும் இருந்தார்.

நம் மக்தப்களில் ஓதும் பிள்ளைகளிடம் இவ்விரு பெயர்களையும் கேட்டுப் பாருங்கள். நம் மண்ணில், நம் பெயர் தாங்கிய ஓர் அதிகாரி கடமையில் உயிர் நீத்திருக்கிறார். நம் விசுவாசத்தை எவரேனும் ஐயுறும்போதெல்லாம் நாம் வேலூரையும் வேதாரண்யத்தையும் வரலாற்றில் தேடுகிறோம். பக்கத்தில் இருக்கும் சான்றை மறந்துவிடுகிறோம். பொதுப்பணியாளரைப் போற்றுவது நம் வழக்கமாக இருந்திருந்தால் இந்த மறதி நேர்ந்திராது.

யாருக்குப் போர்த்துகிறோம்?

நம் விழா அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். அரசியல் பிரமுகர், நில வணிகர், ஆள் சப்ளை செய்யும் ஒப்பந்தக்காரர் என்ற வரிசையே பெரிதும் காணப்படும். பள்ளிவாசலுக்குக் குளிர்சாதனம் வாங்கித் தந்தவருக்குப் பொன்னாடை உண்டு. அப்பணம் யாருடைய கூலியில் பிடித்தம் செய்யப்பட்டது என்று மட்டும் கேட்கமாட்டோம். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் அறிவித்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். அல்லாஹ் வழக்காடப் போகும் ஒருவருக்கு நாம் மாலை சூட்டுவது எவ்வளவு பெரிய துணிச்சல்!

"அப்படியானால் செல்வந்தரை மதிக்கவே கூடாதா?" என்று சிலர் கேட்பர். மதிக்க வேண்டும். இதே வாலாஜாபாத் சாலையின் மறுமுனையான வண்டலூருக்குச் சென்று பாருங்கள். கீழக்கரையில் பிறந்து, கடல் கடந்து பொருளீட்டிய பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984இல் அங்கே கிரசென்ட் பொறியியல் கல்லூரியை நிறுவினார். ஈட்டியதைப் பிறர் பிள்ளைகளின் கல்வியாக மாற்றியவர் போற்றத்தக்கவரே. செல்வம் சேவையாக மாறிய இடத்தில் பாராட்டு நியாயம். அது விளம்பரமாக மட்டும் மாறும் இடத்தில் பாராட்டு இலஞ்சம்.

"முகத்துக்கு நேரே புகழ்வதே மார்க்கத்தில் வெறுக்கப்பட்டதாயிற்றே, விழாவே வேண்டாம்" என்பது மற்றொரு வாதம். அளவு மீறிப் புகழ்வது நண்பனின் கழுத்தை அறுப்பதற்கு ஒப்பானது என எச்சரிக்கப்பட்டிருப்பது உண்மையே. ஆனால் அந்த எச்சரிக்கை எளியவரை மறைப்பதற்கான திரையன்று. மதீனாப் பள்ளிவாசலைப் பெருக்கிவந்த ஒரு கறுப்பினப் பெண்மணி இறந்தபோது, அவரை எளியவராகக் கருதிய தோழர்கள் நபி (ஸல்) அவர்களிடம் தெரிவிக்காமலேயே அடக்கம் செய்துவிட்டனர். அவரைக் காணாது விசாரித்த நபியவர்கள், தம்மிடம் சொல்லாததற்காகக் கடிந்துகொண்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். பாராட்டின் இலக்கணம் இதுவே: காணாதபோது தேடுவது.

"இவர்கள் இன்றிருப்பர், நாளை போய்விடுவர், எவ்வாறு பொறுப்பளிப்பது?" என்பது மூன்றாவது வாதம். குபாவில் முதல் முஹாஜிர்களுக்கு இமாமாக நின்றவர் யார்? விடுதலை பெற்ற அடிமையான ஸாலிம் (ரலி). குர்ஆனை மிகுதியாக அறிந்திருந்ததே அவருடைய தகுதி. உமர் (ரலி) போன்றோரும் அவர் பின்னால் நின்று தொழுதனர். பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி), மக்காவின் ஆளுநர் நாஃபிஉ அவர்களிடம் பொறுப்பை யாரிடம் விட்டு வந்தீர் என்று வினவியபோது, விடுதலை பெற்ற அடிமையான இப்னு அப்ஸாவிடம் என்று விடை வந்தது. அவர் குர்ஆனை ஓதுபவர், பாகப்பிரிவினைச் சட்டம் அறிந்தவர் என்ற காரணத்தைக் கேட்டதும் கலீஃபா அதை ஏற்றுக்கொண்டார். மக்காவின் குறைஷிப் பெருங்குடியினர் மீது ஒரு முன்னாள் அடிமை அதிகாரம் செலுத்தலாம். நம் மஹல்லா நிர்வாகக் குழுவில் மட்டும் ஒரு பீகார்ச் சகோதரர் அமரக்கூடாதா?

செய்ய வேண்டியவை

வெறும் கண்டனம் பயன் தராது. ஆதலால் இத்தொழிற்பகுதியின் ஜமாஅத் நிர்வாகிகள் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, மஹல்லாப் பதிவேட்டில் வெளிமாநிலத் தொழிலாளரையும் சேருங்கள். அவர்களால் இயன்ற சிறு சந்தாவைப் பெற்றுக்கொள்ளுங்கள். சந்தா செலுத்துபவர் விருந்தாளியல்லர், உறுப்பினர். இறந்த நாளில் "இவர் எந்த ஜமாஅத்?" என்ற கேள்வி ஜனாஸாவைக் காக்க வைக்கக்கூடாது. அடக்கத்தலத்தில் அவருக்கும் ஆறடி நிலம் உரிமையாக இருக்கட்டும்.

இரண்டாவது, அவர்களுள் மக்கள் நம்பும் மூத்தவர் ஒருவரை நிர்வாகக் குழுவில் அமர்த்துங்கள். வெளிமாநிலத் தொழிலாளருக்கென 1979லேயே சட்டம் வந்தது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் தமிழகத்தில் 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. இவையெல்லாம் அவர்களைச் சென்றடைய, அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். குத்பாவின் சாரத்தை உர்தூவிலோ இந்தியிலோ ஐந்து நிமிடம் சொல்வதற்கும் அவர் உதவுவார்.

மூன்றாவது, அவர்களுடைய பிள்ளைகளுக்கு மக்தபில் இடம் கொடுங்கள். சிங்கப்பூரில் தமிழ்ப் பள்ளி கட்டியவர்களின் வழித்தோன்றல்கள், ஒரு வங்காளக் குழந்தைக்கு அலிஃப், பா சொல்லித்தரத் தயங்குவது அழகன்று.

நான்காவது, விழா எடுப்பதாயின் டிசம்பர் 18இல் எடுங்கள். அது ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த சர்வதேசப் புலம்பெயர்ந்தோர் நாள். மேடையில் அமர்த்தும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இவரால் பயன் பெற்றவர் யார்? இவரிடம் கூலி நிலுவை உள்ளவர் எவரேனும் உண்டா? மேடை இல்லாவிட்டாலும் இப்பணியை இவர் செய்வாரா? இக்கேள்விகளில் தேறுபவர் செவிலியராகவோ, 108 ஊர்தி ஓட்டுநராகவோ, துப்புரவுப் பணியாளராகவோ, மாற்று மதத்தவராகவோ இருக்கலாம். நன்றிக்கு மதமோ மாநிலமோ இல்லை.

மதீனாவின் அன்ஸாரிகளை அல்லாஹ் தன் திருமறையில் புகழ்ந்திருக்கிறான். தம்மிடம் வந்தவரை நேசித்ததும், தமக்கே தேவை இருந்தபோதும் அவர்களுக்கு முன்னுரிமை அளித்ததும் அப்புகழுக்குக் காரணம். அந்தப் புகழுக்கு உரியவராகும் வாய்ப்பு இன்று நம் வாசற்படியில், தொழிற்சாலைச் சீருடையில், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேருங்கள். சேர்க்கவில்லையெனில், ஏன் சேர்க்கவில்லை என்று உங்கள் முத்தவல்லியிடம் கண்ணியத்தோடு கேளுங்கள்.

எளியவரை அறிந்து கண்ணியப்படுத்தும் சமுதாயமாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.