கார்டுக்குக் கூலி யார் கொடுப்பது?

நம் ஊர்க் கடைகளிலும் கம்ப்யூட்டர் பில் வந்துவிட்டது. கார்டை நீட்டினால் பில்லின் அடியில் ‘கார்டு கட்டணம் 2%’ என்றொரு வரி தானாக முளைக்கிறது. கேட்டால், “சாப்ட்வேர் போடுது தம்பி, நான் என்ன பண்றது?” என்கிறார்கள். சாப்ட்வேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு, மறுப்பதற்கில்லை. கிரெடிட் கார்டில் விற்ற பணத்தில் வங்கி ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் தருகிறது. அந்தப் பிடித்தத்திற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. 2017 ஜனவரியில் பெட்ரோல் பங்க் உரிமையாளர்களே இதை எதிர்த்து, கார்டு வாங்கமாட்டோம் என்று அறிவித்து, பின்பு தள்ளிவைத்தார்கள்.

ஆனால் நம் பெற்றோர் கையில் இருப்பது கிரெடிட் கார்டா? பெரும்பாலும் ரூபே டெபிட் கார்டு. அதற்கு 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரரிடம் பிடித்தமே கிடையாது! மற்ற டெபிட் கார்டுகளுக்கும் 2018 முதல் உச்சவரம்பு 0.90 விழுக்காடுதான், அதையும் வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. அப்படியிருக்க, ஐயாயிரம் ரூபாய்க்கு மோட்டார் சாமான் வாங்கும் விவசாயியிடம் நூறு ரூபாய் கூடுதலாகப் பெறுவது எந்தக் கணக்கில் சேரும்?

சுந்தரரை ஆட்கொள்ள வந்த இறைவனே ஓலையைச் சபையில் காட்டி வழக்குரைத்த ஊர் இது. கிரெடிட் கார்டுக்குக் கட்டணம் கேட்பவர், பில் போடுமுன் அதைச் சொல்லவாவது வேண்டாமா?

நண்பர்களே, நாளை இந்தக் கடைகளில் பில் போடும் வேலைக்கும், சாப்ட்வேர் அமைக்கும் வேலைக்கும் போகப்போவது நம்மில் பலர்தாம். ‘கார்டு’ என்ற ஒரே தலைப்பை டெபிட், கிரெடிட் என இரண்டாகப் பிரித்து, டெபிட்டுக்கு நேரே சுழியம் போட எத்தனை நிமிடம் ஆகும்?