சொப்பு வீட்டில் ஒரு சடலம்

அடுப்படியில் எல்லா வேலையும் பாதியில் நிற்கிறது. உருளைக்கிழங்கு பாதி தோல் சீவியபடி கிடக்கிறது. ஓவனில் கேக் இருக்கிறது. இஸ்திரி போட வேண்டிய துணி காத்திருக்கிறது. கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. இடுக்குகளில் செய்தித்தாள் திணிக்கப்பட்டிருக்கிறது. கேஸ் அடுப்பின் திருகுகள் திறந்திருக்கின்றன. தரையில் இல்லத்தரசி இறந்து கிடக்கிறாள். கன்னம் மட்டும் உயிருள்ளவளுக்கு இருப்பதுபோல் சிவந்திருக்கிறது. 1944 ஏப்ரலில் ஒரு மாலை. கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பிய கணவன் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு போலீசைக் கூப்பிட்டதாகச் சொல்கிறான்.

தற்கொலையா, கொலையா?

கேள்வி நிஜம். அறை நிஜமல்ல. இறந்து கிடப்பவளின் உயரம் அரை அடிகூட இல்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மேரிலாந்து மாநிலத் தலைமை மரண விசாரணை மருத்துவரின் அலுவலகத்தில் இருக்கும் 18 பொம்மை அறைகளில் இதுவும் ஒன்று. குழந்தைகள் விளையாட அல்ல, போலீஸ்காரர்கள் பாடம் படிக்கச் செய்யப்பட்டவை இவை. செய்தவர் கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு பணக்காரப் பெண்மணி.

ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ 1878ல் சிகாகோவில் பிறந்தவர். விவசாய இயந்திரத் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர் தந்தை. கட்டடக் கலைஞர் எச்.எச். ரிச்சர்ட்சன் வடிவமைத்த அவர்களது வீடு இன்று அருங்காட்சியகம். அண்ணன் ஹார்வர்டுக்குப் படிக்கப் போனார். தங்கைக்கு வீட்டிலேயே பாடம். தையல், பின்னல், வீட்டு அலங்காரம் எல்லாம் கைவந்தன. 1913ல் தாயின் பிறந்தநாளுக்காக சிகாகோ சிம்பனி இசைக்குழுவையே, 90 கலைஞர்களுடனும் வாத்தியங்களுடனும், பொம்மைகளாகச் செய்து கொடுத்தார். பணக்கார வீட்டுப் பெண்ணின் பொழுதுபோக்கு என்றுதான் அன்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அண்ணனின் ஹார்வர்டு நண்பர் ஜார்ஜ் பர்ஜஸ் மக்ராத் பாஸ்டனில் மரண விசாரணை மருத்துவர். விடுமுறைகளில் அவர் சொன்ன வழக்குக் கதைகள் லீயை ஈர்த்தன. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல பகுதிகளில் சந்தேக மரணங்களை விசாரித்தவர்கள் 'கரோனர்'கள். தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள். மருத்துவம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சம்பவ இடத்துக்கு முதலில் வரும் போலீஸ்காரருக்கும் பயிற்சி கிடையாது. சடலத்தை நகர்த்துவார்கள், ரத்தத்தின் மேலேயே நடப்பார்கள், துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். மருத்துவர் வந்து சேர்வதற்குள் அறை சொல்ல வேண்டியது பாதி அழிந்துபோயிருக்கும்.

லீக்குத் திருமணம், மூன்று குழந்தைகள், 1914ல் விவாகரத்து. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகே விரும்பிய வேலையில் இறங்க முடிந்தது. தன்னைச் சேர்க்காத ஹார்வர்டில் 1931ல் சட்ட மருத்துவத் துறை உருவாகப் பணம் கொடுத்தார். மக்ராத் பெயரில் நூலகம் அமைத்தார். 1943ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் போலீஸ் அவருக்கு கேப்டன் பதவி அளித்தது. அப்போது வயது 65.

துறை வந்தது, நூலகம் வந்தது. ஆனால் போலீஸ்காரருக்கு எதைக் காட்டிப் பாடம் நடத்துவது? கொலை நடந்த வீட்டுக்கு வகுப்பையே கூட்டிப் போக முடியாது. புகைப்படத்தில், எடுத்தவர் பார்த்தது மட்டுமே தெரியும். சின்ன வயதில் பழகிய கைவேலை அப்போது லீக்குக் கைகொடுத்தது. நடந்த வழக்குகளை எடுத்து, பெயரையும் விவரங்களையும் மாற்றி, அறையாகக் கட்டத் தொடங்கினார். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு. 'நட்ஷெல்' ஆய்வுகள் என்று பெயர் வைத்தார். கொட்டையின் ஓட்டுக்குள் அடங்குகிற அளவில் உண்மை என்று அர்த்தம்.

பொம்மை வீட்டில் சாதாரணமாக எல்லாம் அழகாக இருக்கும். திரைச்சீலை கசங்காது, தரை தேயாது. லீயின் அறைகளில் தரை தேய்ந்திருக்கும், சுவரில் கறை இருக்கும். நியூ ஹாம்ப்ஷயரில் குடும்பப் பண்ணையில் இருந்த தச்சர் ரால்ஃப் மோஷர் மரவேலைகளைச் செய்தார். கதவு திறந்து மூடும். பூட்டில் சாவி திரும்பும். விளக்கு எரியும். எலிப்பொறி வேலை செய்யும். சுருட்டிய சிகரெட்டுக்குள் நிஜப் புகையிலை. பொம்மையின் காலுறையைக் குண்டூசிகளால் பின்னினார் லீ. தீப்பிடித்த மர வீடு வேண்டுமென்றபோது, முழு வீட்டையும் கட்டி முடித்து, பிறகு ஊதுவிளக்கால் எரித்தார். சுவர் நாள்காட்டியில் மாதம் சரியாக இருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியும் பருவத்துக்குப் பொருந்த வேண்டும். ஒரு மாதிரிக்கு ஆன செலவில் அன்று நிஜ வீடே கட்டியிருக்கலாம் என்பார்கள்.

இதே கவனம் சடலத்துக்கும். ரத்தம் எந்தப் பக்கம் தேங்கித் தோல் நிறம் மாறும், உடல் எந்த நிலையில் விறைக்கும், எத்தனை நாளில் அழுகும் என்பதையெல்லாம் மருத்துவப்படி தீட்டினார். அடுப்படிப் பெண்ணின் கன்னச் சிவப்பு சாயப்பூச்சல்ல. அன்றைய சமையல் வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருந்தது. அது ரத்தத்தில் கலந்து இறந்தவர் உடலில் செந்நிறம் காணும். இன்னொரு அறையில் குளியல் தொட்டியில் ஒரு பெண். முகத்தில் குழாய்த் தண்ணீர் கொட்டுகிறது. கால்கள் தொட்டிக்கு வெளியே விறைத்து நிற்கின்றன. இப்போதுதான் வழுக்கி விழுந்து இறந்தவளின் கால் இப்படியா நிற்கும்? பார்க்கத் தெரிந்தவருக்கு அறை இப்படித்தான் பேசும்.

1945ல் ஹார்வர்டில் போலீஸ்காரர்களுக்கான பயிற்சி வகுப்புகள் ஆரம்பமாயின. கையில் டார்ச்சும் பூதக்கண்ணாடியும். பார்ப்பதற்கு 90 நிமிடம். லீ ஒரு முறையும் சொல்லிக் கொடுத்தார். இடப்புறம் தொடங்கி, கடிகாரம் சுற்றும் திசையில் பார்வையைச் சுழற்றி, கடைசியில் நடுவில் இருக்கும் சடலத்துக்கு வர வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் கண் சடலத்துக்கு ஓடும். அங்கேயே நின்றுவிட்டால் பாதி சீவிய உருளைக்கிழங்கு கண்ணில் படாது. பெர்ரி மேசன் கதைகளை எழுதிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னரும் இந்த வகுப்புக்கு வந்தார். 1949ல் வெளியான ஒரு மேசன் நாவலை லீக்குச் சமர்ப்பித்தார்.

இந்த அறைகளில் ஒரு விஷயம் தனியாகக் கவனத்துக்குரியது. மாளிகையில் வளர்ந்த லீ மாளிகைகளைக் கட்டவில்லை. வாடகை அறை, தொழிலாளியின் வீடு, களஞ்சியம், மரக்குடிசை, மதுக்கடை என்று கட்டினார். இறந்து கிடப்பவர்களில் அதிகம் பேர் பெண்கள், அதிலும் வசதியற்றவர்கள். குடிகாரி, நடத்தை சரியில்லாதவள், குடும்பச் சண்டை என்று ஒரு வரி எழுதி மூடிவிடக்கூடிய வழக்குகள். அவற்றுக்குத்தான் இத்தனை மாதங்கள், இத்தனை பணம். தன் அறையைப் பார்க்கும் போலீஸ்காரர் முன்முடிவோடு வரக்கூடாது, கணவன் சொன்னதை அப்படியே நம்பவும் கூடாது, சந்தேகிக்கவும் கூடாது, அறையில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்பதே லீ நடத்திய பாடம். எல்லா அறையிலும் கொலை நடக்கவில்லை என்பதும் இதனால்தான். சில தற்கொலை, சில விபத்து. குற்றவாளி தப்பக்கூடாது என்பதோடு நிரபராதி மாட்டக்கூடாது என்பதும் அவர் கவலை.

லீ 1962ல் இறந்தார். அவர் பணத்தில் வளர்ந்த ஹார்வர்டுத் துறை சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அறைகள் பால்டிமோருக்கு வந்தன. 2017 அக்டோபரில் வாஷிங்டன் ரென்விக் கலைக்கூடத்தில், நியூ ஹாம்ப்ஷயரில் கிடைத்த இன்னொன்றையும் சேர்த்து 19 அறைகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அதற்கு முன் பழுதுபார்த்தவர்களுக்கு ஒரு சிக்கல். பழைய பல்புகளின் சூடு அறைகளை அரித்துக்கொண்டிருந்தது. எல்.இ.டி. விளக்கு மாட்டினார்கள். ஆனால் வெளிச்சத்தின் நிறம் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். எந்த விளக்கு எரிந்தது என்பதும் இங்கே சாட்சியம்.

பால்டிமோரின் அந்த அடுப்படி இந்தியருக்கு அந்நியமாகத் தோன்றாது. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தி 1980களில் நாட்டின் எல்லா மொழிப் பத்திரிகைகளிலும் வந்துகொண்டிருந்தது. ஸ்டவ் உண்மையில் வெடித்திருந்ததா? அந்த நேரத்தில் அடுப்பில் என்ன இருந்தது? கதவை யார் தாழிட்டது? அரிசி களைந்து வைத்திருந்ததா? கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. பல வீடுகளில் போலீஸ் வருவதற்குள் அடுப்படி கழுவி விடப்பட்டிருக்கும்.

சட்டம் மெல்லத்தான் விழித்தது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் பிரேதப் பரிசோதனை கட்டாயம் என்று 1983ல் திருத்தம் வந்தது. வரதட்சணை மரணம் 1986ல் தனிக் குற்றமானது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இன்னொரு படி போகிறது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமென்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்து ஆண்டுவரை அவகாசம் உண்டு. நிபுணர் வந்து சேரும்வரை அறையைக் கலைக்காமல் காக்க வேண்டியவர் இன்றும் பக்கத்து ஸ்டேஷன் கான்ஸ்டபிள்தான். லீயின் வகுப்பு அவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

எண்பது ஆண்டுகள் ஆகியும் அறைகளில் பெரும்பாலானவற்றின் விடை வெளியிடப்படவில்லை. பயிற்சிக்கு வருகிறவர் விடையைத் தெரிந்துகொண்டு வந்துவிட்டால் அறையைப் பார்க்கமாட்டார் என்பது காரணம். அடுப்படியில் உருளைக்கிழங்கு இன்னும் பாதி தோலோடு கிடக்கிறது. சாகத் தீர்மானித்தவள் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கிழங்கு சீவுவாளா என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும் என்பதற்காக, ஒரு பெண்மணி அதைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.