வண்டியே வீடானவர்களுக்குப் பொதுநிலத்தில் இடம்: ஒரு பொது வேண்டுகோள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காசு கொடுக்காமல் இரவு தங்கக்கூடிய பொதுநிலம் ஏராளமாக இருக்கிறது. கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர், வனச் சேவையின் கையில் 19.3 கோடி ஏக்கர். அவற்றின் பெரும்பரப்பில் குழாயும் கழிப்பறையும் மின்சாரமும் கிடையாது. மண்பாதையோரம் ஏற்கெனவே பலர் தங்கிப் பழகிய இடத்தில் வண்டியை ஒதுக்கிக்கொண்டால், பொதுவாக 14 நாள் இருக்கலாம். பிறகு கிளம்ப வேண்டும். பல பகுதிகளில் சுமார் 25 மைல் தள்ளிப் போக வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனா பரவத் தொடங்கியதும் இந்த ஏற்பாடு குலைந்தது. மார்ச் 19 அன்று கலிஃபோர்னியா தன் மக்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னது. மறுநாள் யோசெமிட்டி தேசியப் பூங்கா மூடியது. ஏப்ரல் 1 அன்று கிராண்ட் கேன்யன் மூடியது. கட்டணம் வாங்கும் முகாம் திடல்கள் மாநிலம் மாநிலமாக அடைபட்டன. கடைசியில் மிஞ்சியது அந்த வெட்டவெளிதான். விடுமுறையைக் கழிக்க நினைத்தவர்களும் போக்கிடம் இல்லாதவர்களும் ஒரே நேரத்தில் அதைத் தேடி வந்தார்கள்.

வீட்டிலிருக்கும்படி இட்ட உத்தரவு நியாயமானது. ஆனால் ஆண்டு முழுவதும் வேனிலும் ஆர்.வி. எனும் வீட்டு வண்டியிலும் வாழ்கிறவர்களுக்கு அந்த வண்டிதான் வீடு. ஓய்வூதியத்தில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாத முதியோரும், பருவ வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர்களும் இவர்களில் நிறையப் பேர். அரிசோனா பாலைவனத்தில் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட் தெற்கு டகோட்டாவைச் சேர்ந்ததாக இருக்கலாம். அந்த மாநிலத்தில் ஓர் இரவு தங்கியதற்கான ரசீதைக் காட்டி ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட முடியும். உரிமத்தில் அச்சான முகவரியைத் தேடிப் போனால், தபாலை வாங்கி அனுப்பிவைக்கும் ஒரு கடையும் அதில் எண்ணிட்ட ஒரு பெட்டியும் இருக்கும். படுக்க ஒரு கட்டில் இருக்காது. சொந்த ஊருக்குத் திரும்பச் சொன்னால் இவர்கள் போக வேண்டிய இடம் அந்தப் பெட்டிதான்.

பருவமும் இவர்களை நெருக்குகிறது. அரிசோனாவின் குவார்ட்ஸைட் அருகே நீண்ட நாள் தங்க ஒதுக்கிய லா போசா பகுதியில் 2020-இல் 180 டாலர் கட்டினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க முடிந்தது. அதன்பின் அங்கே வெயில் ஏறி, தகர வண்டிக்குள் மனிதர் இருக்க முடியாமல் போகும். வடக்கே ஏழாயிரம் அடி உயரத்துக் காடுகளிலோ ஏப்ரலில் இன்னும் பனி கிடக்கும். மேட்டுக்குச் சிறிது சிறிதாக ஏறிப்போவது உயிர்காக்கும் வழி. அதை ஊர் சுற்றுவதாக எண்ணக் கூடாது. அந்த 2020 வசந்தத்தில் அசையக் கூடாது என்றது சுகாதாரத் துறை. 14 நாளில் கிளம்பு என்றது நில விதி. இரண்டுக்கும் நடுவில் சிக்கியவர்களுக்கு அந்த நாள் வரம்பைத் தளர்த்துவதே அறிவுடைமை.

உள்ளூர்க்காரர்களின் அச்சத்திலும் நியாயம் உண்டு. யூட்டாவின் மோவாப் மருத்துவமனையில் அப்போது இருந்தவை 17 படுக்கைகள். தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கவில்லை. வசந்த காலத்தில் அவ்வூருக்கு வந்து குவியும் கூட்டத்தில் நோய் புகுந்தால் தாங்காது என்றுதான், மார்ச் நடுவிலேயே வெளியூரார் அங்கே முகாமிடுவதைச் சுகாதாரத் துறை தடுத்தது. கொலராடோவின் கன்னிசன் கவுண்டி (மாவட்டம்) வெளியூராரைக் கிளம்பவே சொன்னது.

ஆகவே, வண்டிகளில் வாழ்வோரும் அவர்களுக்கு அண்டையிலுள்ள ஊர்க்காரர்களும் சேர்ந்த குழு 2020 வசந்தத்தில் விடுத்த முதல் வேண்டுகோள், பூட்டித் திறக்க ஒரு வீடு உள்ளவர்களுக்கு. அந்தப் பருவத்தில் பொதுநிலத்துக்கு வராமலிருப்பதே பெரும் உதவி. வார இறுதியில் வந்து நின்ற ஒவ்வொரு கூடாரமும், வேறு இடமில்லாத ஒருவரின் இடத்தை அடைத்தது. அந்தக் கூட்டத்தைக் காட்டியே பாதைகள் மூடப்பட்டன.

வண்டியே வீடானவர்கள், கிளம்புமுன் தாங்கள் போகும் பகுதியின் கள அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுவது நல்லது. பாதை திறந்திருக்கிறதா, கவுண்டியின் தடை ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும். வனச் சேவை இலவசமாகத் தரும் வாகனப் பாதை வரைபடத்தில் சில பாதைகளின் ஓரமாகப் புள்ளிகள் ஓடும். அங்கெல்லாம் வண்டியை ஒதுக்கித் தங்க அனுமதி உண்டு. பொதுநிலத்துக்கு நடுவே தனியார் நிலமும் மாநில அறக்கட்டளை நிலமும் ஒட்டுப்போட்டதுபோல் கிடப்பதால், எல்லையைப் பார்த்துக்கொள்வது அவசியம். கரிபிடித்த கற்கள் வட்டமாகக் கிடந்தால் அது பலர் தங்கிய இடம். புதுத் தரையை மிதிக்காமல் அங்கேயே நிற்கலாம். இரண்டு வாரத்துக்கான உணவையும் பெட்ரோலையும் பெரிய ஊரிலேயே வாங்கிவிட்டால், சிற்றூர்க் கடையின் ஒற்றை அலமாரி காலியாகாது. மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். காகிதத்தைப் பையில் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும். குழி தோண்டக் கூடாத இடங்களில் கையோடு கொண்டுபோகும் கழிப்பெட்டிதான் வழி. வண்டியின் கழிவுத் தொட்டியை மண்ணில் திறந்துவிடுவது எந்நிலையிலும் கூடாது.

தொலைவில் ஒரு வெளிமாநில வண்டி நிற்பதைக் கண்டதும் ஷெரிஃபை (கவுண்டியின் காவல் தலைவரை) அழைக்கத் தோன்றியவர்கள், ஆறடி தள்ளி நின்று முதலில் பேசிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். வண்டியில் வாழ்வோர் குளித்த உடற்பயிற்சிக் கூடமும், செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிய நூலகமும் அப்போது மூடியிருந்தன. முகாம் திடல்களோடு குடிநீர்க் குழாய்களும் கழிவுத் தொட்டியைக் காலிசெய்யும் நிலையங்களும் அடைபட்டுக் கிடந்தன. திடல்கள் மூடியே இருந்தாலும் சரி. ஒவ்வொரு கவுண்டியிலும் ஒரு குழாயையும் கழிவு இறக்கும் ஒரு நிலையத்தையுமாவது திறந்துவைக்கும்படி, அந்தந்தக் கவுண்டியின் குடிமக்கள் தங்கள் ஆணையர்களுக்கு எழுத வேண்டும் என்றும் குழு கேட்டுக்கொண்டது.