கதையைக் கேட்பதற்கு முன்

மனநல ஆலோசகரிடம் போனால் நடந்ததையெல்லாம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வாய்விட்டு அழுதால் பாரம் இறங்கும் என்பது நம்மிடம் ஊறிய நம்பிக்கை. மனவடுவை அறிந்து பணியாற்றும் ஆலோசகர் அப்படித் தொடங்குவதில்லை. வந்தவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வார். தானாகத் துருவ மாட்டார். இதற்கான காரணம் பிடிபட்டால் இந்த அணுகுமுறையில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

மனவடு என்பது ட்ராமா. உயிருக்கோ உடலுக்கோ பெரும் ஆபத்து வந்து, எதிர்க்கவும் தப்பவும் வழியில்லாமல் போன அனுபவம் விட்டுச்செல்லும் பாதிப்பு அது. சாலை விபத்து, போர், பாலியல் வன்முறை, சிறுவயதில் வீட்டுக்குள் நடந்த கொடுமை எனக் காரணங்கள் பல. ஒரே விபத்தில் சிக்கிய எல்லோருக்கும் அது ஏற்படுவதும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் மனவடு நோய் இன்றைய பெயருடன் இடம்பெற்றது 1980இல்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலை அதற்கு முக்கியக் காரணம்.

சாதாரண நினைவுக்கு இடமும் காலமும் உண்டு. போன தீபாவளியை நினைக்கும்போது அது முடிந்துபோன ஒன்று என்று நமக்குத் தெரிகிறது. பேராபத்தின்போது மூளையில் ஆபத்தை உணர்த்தும் பகுதியான அமிக்டலா உச்ச வேகத்தில் இயங்குகிறது. நிகழ்வை இன்ன இடம், இன்ன நேரம் என்று கோத்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் அப்போது தன் வேலையைச் சரியாகச் செய்வதில்லை என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அதனால் அந்த நினைவு ஒரு வாசனையாக, ஒரு சத்தமாக, நெஞ்சுப் படபடப்பாகத் துண்டு துண்டாக வருகிறது. வரும்போது, இப்போதே நடப்பதுபோல் வருகிறது. ஆயத்தமில்லாத ஒருவரிடம் ‘அன்றைக்கு என்ன நடந்தது?’ என்று கேட்டால், பதில் சொல்லும் அவருடைய உடல் மறுபடியும் அங்கேயே போய் நிற்கக்கூடும்.

அனுபவமும் இதையே காட்டியது. விபத்தோ பேரிடரோ நடந்த சில நாட்களுக்குள், ஒரே அமர்வில் எல்லாவற்றையும் விவரிக்க வைக்கும் முறை 1980களில் பரவியது. நல்ல நோக்கம்தான். ஆனால் பின்னர் வந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் அது நோயைத் தடுக்கவில்லை. சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆனது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு அதை அளிக்க வேண்டாம் என்றே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்கிறது.

அப்படியானால் முதல் அமர்வுகளில் என்னதான் நடக்கிறது? ஹார்வர்டில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில் மீட்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதலில் பாதுகாப்பு. பிறகு நினைவுகூர்ந்து துக்கப்படுவது. கடைசியாக, வாழ்க்கையோடும் மனிதர்களோடும் மீண்டும் இணைவது. வெளியிலிருந்து பார்த்தால் முதல் கட்டம் சின்னச் சின்ன ஏற்பாடுகளாகத்தான் தெரியும். ‘எங்க உட்கார்ந்தா உங்களுக்கு வசதியா இருக்கும்?’ என்று ஆலோசகர் கேட்பார். வாசலை மறைத்தபடி தன் நாற்காலியைப் போட மாட்டார். கூட வந்த அம்மாவோ கணவரோ உள்ளே இருக்கலாமா என்பதை வந்தவரிடமே, தனியாகக் கேட்பார். நம் ஊர்களில் இந்தக் கேள்வி மிக முக்கியம். தீங்கு செய்தவரே துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் உண்டு. பேசுவது வெளியே போகாது என்று ஆலோசகர் உறுதி தருவார். உயிருக்கு ஆபத்து போன்ற எந்தச் சூழலில் அதைக் காக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

கூடவே நிலைப்படுத்தலைக் கற்றுத்தருவார். பதற்றம் ஏறும்போது கவனத்தை இந்த நிமிடத்துக்குக் கொண்டுவரும் பயிற்சி அது. பாதங்கள் தரையில் அழுந்துவதைக் கவனிப்பது, அறையில் கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்வது போன்றவை. கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. சிலருக்குக் கண்ணை மூடினாலே பயம் கூடும். அவர்கள் திறந்தபடியே செய்யலாம். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தன்னிடம் வந்தவர்களை அமைதிப்படுத்த அவரவர் மரபில் ஏற்கெனவே இருந்த வழிகளைப் பயன்படுத்தினார். சைவர்களுக்கு ஓம், முஸ்லிம்களுக்கு சுபஹானல்லாஹ், கத்தோலிக்கர்களுக்கு அவர்களுடைய ஜெபம். புதிதாக ஒன்றைப் பழக்குவதைவிடப் பாட்டி சொல்லிக்கொடுத்தது சீக்கிரம் கைகொடுக்கும்.

ஆலோசகர் அறிகுறிகளைப் பார்க்கும் விதமும் வேறு. சான் டியாகோவில் உடல் எடைக் குறைப்புத் திட்டம் ஒன்றை நடத்திய மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, 1980களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பருத்த உடல் சிலருக்கு ஒரு காப்பாக இருந்திருக்கிறது. இதைத் தொடர்ந்து அவரும் மருத்துவர் ராபர்ட் ஆண்டாவும் சுமார் 9,500 பேரிடம் நடத்திய ஆய்வு 1998இல் வெளியானது. சிறுவயதுத் துயரங்கள் கூடக்கூட, வளர்ந்தபின் மனச்சோர்வு, குடி, இதய நோய் ஆகியவையும் கூடுவதை அது காட்டியது. அதனால்தான் ஒருவரின் குடியையோ கோபத்தையோ பார்த்தவுடன் ஆலோசகர் கண்டிப்பதில்லை. இது இவரை எதிலிருந்து காத்துவந்தது என்று யோசிக்கிறார். செயலை நியாயப்படுத்துவது வேறு, இது வேறு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்னவை நடந்துகொள்ளும் முறை. நோய்க்கான சிகிச்சை ஆகாது. மனவடு நோய்க்கு வலுவான சான்றுள்ளவை, அந்த நினைவையே படிப்படியாக அணுகும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், கண்ணசைவோடு நினைவைக் கையாளும் இஎம்டிஆர் முறையும். முதல் வகைக்கு நைஸ் பொதுவாக 8 முதல் 12 அமர்வுகளைச் சொல்கிறது. அதாவது, கதையைக் கேட்கும் நேரமும் வந்தே தீரும். பாதுகாப்புக் கட்டத்தை எவ்வளவு நீட்டலாம் என்பதில் நிபுணர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. தேவையில்லாமல் நீட்டினால் பலன் தரும் சிகிச்சை தள்ளிப்போகிறது என்கிறார்கள் சிலர்.

இந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ‘மனவடு அறிந்தவர்’ என்று பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்வது எளிது. போகிறவர் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். எந்தச் சிகிச்சை முறையில் உங்களுக்குப் பயிற்சி? அந்த நினைவை எப்போது, எப்படித் தொடுவோம்? நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா?