நெருக்கடி வந்தால் தாங்குவாரா?

அமெரிக்காவில் "புட்பால்" என்றால் உதைபந்து அல்ல. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள். பந்தை எறிபவருக்கு "குவார்ட்டர்பேக்" என்று பெயர். படகுக்குச் சுக்கான் போல, அணிக்கு அவர்!

சாம் டார்னால்டு அப்படி ஒருவர். 2018-ல் நியூயார்க் ஜெட்ஸ் அணி அவரை ஆசையோடு எடுத்துக்கொண்டது. அப்போது வயது 20.

ஆசை பலிக்கவில்லை. 3 ஆண்டுகளில் 38 ஆட்டங்களில் இறங்கினார், 13-ல்தான் வெற்றி. 2019 அக்டோபரில் நியூ இங்கிலாந்து அணியோடு ஆடியபோது, 4 முறை பந்தை எதிரியின் கையிலேயே எறிந்துவிட்டார். "பேய்கள் தெரிகின்றன" என்று அவர் முணுமுணுத்தது மைக்கில் விழுந்து, நாடே கேட்டுச் சிரித்தது. பாவம்!

மறுவாழ்வு

பிறகு அணி அணியாக மாறினார். 2023-ல் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தார். 2024-ல் மினசோட்டா அணியின் புது இளைஞருக்கு முழங்காலில் காயம். இடம் டார்னால்டுக்குக் கிடைத்தது. 17 ஆட்டங்களில் 14 வெற்றி!

அடுத்து, தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டிய ஆட்டம். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் அணி 27-9 என்று அடித்து நொறுக்கியது. பந்தை எறியும் முன்பே டார்னால்டு 9 முறை தரையில் தள்ளப்பட்டார். "நெருக்கடி என்றால் இவர் தாங்கமாட்டார்" என்று பலர் முடிவு கட்டினார்கள். மினசோட்டாவும் அவரை விட்டுவிட்டது.

குறை யாருடையது?

எறிபவருக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று விநாடிகள். அதற்குள் எதிரிகள் பாய்ந்து வருவார்கள். முன்னால் நிற்கும் 5 தடுப்பாளர்கள்தான் அரண். அந்த அரண் இடிந்தால் எந்த வீரனும் விழவேண்டியதுதான். அன்று டார்னால்டு பந்தை வைத்துக்கொண்டு தயங்கியதும் உண்மை. ஆனால் பழி முழுவதும் ஒருவர் தலையில் விழுந்தது நியாயமா?

சியாட்டில் அணி அவரை நம்பியது. 3 ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்பந்தம் போட்டது. 2025 நவம்பரில் அதே லாஸ் ஏஞ்சல்ஸ் அணியிடம் மறுபடியும் 4 பந்துகளைப் பறிகொடுத்தார். பழைய பேச்சு திரும்பி வந்தது.

2026 ஜனவரியில் அதே அணி, அரை இறுதி போன்ற ஆட்டம். டார்னால்டு 346 கெஜம் எறிந்தார். ஒரு பந்தும் எதிரி கைக்குப் போகவில்லை. 31-27. சியாட்டில் வென்றது!

பிப்ரவரி 8-ந் தேதி "சூப்பர் பவுல்" என்னும் இறுதி ஆட்டம். எதிரி யார்? அன்று பேய் காட்டிய நியூ இங்கிலாந்து! 29-13 என்று சியாட்டில் கோப்பையைப் பிடித்தது. அன்று டார்னால்டு பெரிதாக ஜொலிக்கவில்லை. தற்காப்பு ஆட்டக்காரர்கள் எதிரியை மடக்கினார்கள். சிறந்த ஆட்டக்காரர் பரிசு, பந்தோடு ஓடிய கென்னத் வாக்கருக்குப் போயிற்று. டார்னால்டு பந்தைப் பறிகொடுக்காமல் காத்தார். அணிக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவரை அனுப்பிவிட்ட மினசோட்டா, அந்த ஆண்டு 17-ல் 9 ஆட்டங்களை மட்டும் வென்று, முக்கியச் சுற்றுக்கே வரவில்லை.