மடியிலிருந்து டம்ளருக்கு

மாடு வைத்திருப்பவர்களுக்கு மடிநோய் என்றாலே வயிறு கலங்கும். நேற்று மாலை வரை ஒழுங்காகக் கறந்த மாடு, விடிந்ததும் கிட்டே போனால் உதைக்கிறது. மடி கல்லாக இறுகி, தொட்டால் சுடுகிறது. பீச்சினால் பால் திரிதிரியாக வருகிறது, சில சமயம் ரத்தமும் சேர்ந்து. கவனிக்காமல் விட்டால் அந்தக் காம்பு அடைத்தே போய்விடும். கடன் வாங்கிப் பிடித்த மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவது பல வீடுகளில் இதனால்தான்.

வழக்கமான வைத்தியம் ஆன்டிபயாடிக். ஊசியாகப் போடுவார்கள், காம்புக்குள்ளும் ஏற்றுவார்கள். மாடு பிழைக்கும். ஆனால் மருந்து பாலிலும் இறங்கும். மருந்து போடும் நாட்களிலும், நிறுத்திய பிறகு குறிப்பிட்ட நாட்கள் வரையிலும் அந்தப் பாலை யாருக்கும் ஊற்றக் கூடாது என்பது விதி. இரண்டு மாட்டை நம்பிக் குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணிடம் போய், பாலைச் சாக்கடையில் கொட்டு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவருக்கு அந்த நஷ்டத்தை ஈடுகட்டவும் ஆளில்லை. பால் சொசைட்டிக்குப் போகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-ல் ஆன்டிபயாடிக் எச்சம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. சிறிய எண்தான். ஆனால் பால், கைக்குழந்தை முதல் படுக்கையில் கிடக்கும் பெரியவர் வரை தினமும் குடிப்பது. காய்ச்சினால் கிருமி சாகும். மருந்து முழுதாகப் போய்விடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து கிருமிகள் பழகிப்போவது. மாட்டில் ஒரு மருந்தை எதிர்த்து நிற்கக் கற்ற கிருமி, சாணம், தண்ணீர், கறப்பவரின் கை வழியாக மனிதர்களிடமும் வந்து சேரலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளால் மட்டும் 2019-ல் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதே ஆண்டில்தான், வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த நம் அரசு தடை விதித்தது.

இந்த இடத்தில்தான் தஞ்சாவூரில் நடந்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சை மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் உடன் பணியாற்றியவர்களும் கிராமத்து மாட்டு வைத்தியத்தைத் திரட்டி, எது பலிக்கிறது என்று பார்த்து, அளவு குறித்து, மறுபடி விவசாயிகளிடமே கொடுத்தார்கள். மடிநோய்க்கு அவர்கள் சொல்வது: சோற்றுக்கற்றாழை கால் கிலோ, மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் செக்கச்சிவந்த விழுதாக வரும். நோயுள்ள காம்புப் பாலை முழுக்கப் பீச்சி எடுத்துவிட்டு மடியைக் கழுவி, விழுதில் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து மடி முழுதும் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். விழுதைத் தினமும் புதிதாக அரைக்க வேண்டும்.

கற்றாழை வேலியோரத்தில் கிடைக்கும், மஞ்சளும் சுண்ணாம்பும் வீட்டில் இருக்கும். இருந்தும் அந்த அளவும் முறையும்தான் இதை வைத்தியமாக்குகின்றன. "ஏதோ கொஞ்சம் மஞ்சள் பூசினேன், கேட்கவில்லை" என்பவர்களிடம் எத்தனை முறை பூசினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் இந்த முறையை எடுத்துக்கொண்டு பல மாநிலங்களின் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறது. தஞ்சை வயல்காட்டு அறிவு குஜராத் வரை போயிருப்பதில் எனக்குப் பெருமைதான்.

இது எல்லா மடிநோய்க்கும் போதும் என்று நான் சொல்லவில்லை. மாடு தீவனம் தின்னாமல் படுத்துவிட்டால், காய்ச்சல் ஏறினால், மடி நிறம் மாறிச் சில்லிட்டால், உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அங்கே ஆன்டிபயாடிக் வேண்டும்தான். அந்த நேரத்தில் அது பலிக்க வேண்டும் என்பதற்காகவே மற்ற நேரங்களில் அதைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்கிறேன்.

வேலியோரக் கற்றாழைக்கு எந்தக் கம்பெனியும் காப்புரிமை வாங்கி விற்க முடியாது. அதனால் இத்தகைய ஆய்வுக்குத் தனியார் பணம் எளிதில் வராது. சென்னை வேப்பேரியில் 1903-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கி, 1989-ல் அதற்கெனத் தனிப் பல்கலைக்கழகமும் கண்ட மாநிலம் இது. இந்த ஆய்வைத் தாங்க வேண்டியது அரசுப் பணம்தான். அதைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் கொடுத்த மாடுகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எந்தக் கிருமிக்குப் பலிக்கிறது, எதற்குப் பலிக்கவில்லை என்பதை இன்னும் பெரிய அளவில் சோதித்து, முடிவுகளைத் தமிழிலும் வெளியிட வேண்டும். ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும், ஒவ்வொரு பால் சொசைட்டியிலும் இந்த விழுதின் அளவும் முறையும் சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கறந்து முடித்த பிறகு காம்புத் துளை மூடச் சற்று நேரமாகும். அரை மணி நேரமாவது மாடு தரையில் படுக்காதபடி அப்போதுதான் தீவனம் போடுங்கள். மடிநோய் வராமல் தடுக்கும் இந்த வழிக்குக் காசு செலவில்லை.