இருமல் மருந்தாக வந்த எமன்

ஹெராயின்! பெயரைக் கேட்டாலே பெற்றோருக்கு வயிறு கலங்குகிறது. இது எப்படி உலகத்துக்கு வந்தது, தெரியுமா?

இருமல் மருந்தாக வந்தது!

ஜெர்மனி நாட்டில் "பேயர்" என்ற பெரிய மருந்துக் கம்பெனி இருக்கிறது. ஆஸ்பிரின் மாத்திரையை விற்ற அதே கம்பெனிதான். 1898-ம் ஆண்டில் அது ஹெராயினைக் கடைக்குக் கொண்டுவந்தது. அபினில் இருந்து எடுக்கும் மார்பினுக்குப் பலர் அடிமையாகித் தவித்த காலம் அது. புது மருந்தில் அந்த ஆபத்து இல்லை என்று நம்பினார்கள். டாக்டர்களும் எழுதிக் கொடுத்தார்கள்.

நம்பியவர்கள் ஏமாந்தார்கள். ஹெராயின், உடலுக்குள் போனதும் மார்பினாகவே மாறிவிடுகிறது! 1913-ல் பேயர் அதன் தயாரிப்பை நிறுத்தியது. 1924-ல் அமெரிக்கா அதைத் தடை செய்தது.

அத்தோடு ஒழிந்ததா? இல்லை. இந்தியாவில் 2018-ல் மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் நாடு முழுவதும் கணக்கு எடுத்தார்கள். அபின் இனப் போதைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர்! இதில் முதல் இடம் ஹெராயினுக்கு. அடுத்த இடம் எதற்கு? வலி மாத்திரைகளுக்கு! மீண்டும் மருந்து வேடம்தான்.

திமிரா, நோயா?

"கொழுப்பு எடுத்து அலைகிறான்" என்று ஊர் பேசுகிறது. முதலில் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். சில வாரங்களில் கதை மாறிவிடுகிறது. போதை கிடைக்காத நாளில் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டும். உடம்பு சிலிர்க்கும். எலும்பெல்லாம் வலிக்கும். வயிறு போகும். தூக்கம் வராது. அந்த வேதனைக்குப் பயந்தே மறுபடியும் தேடி ஓடுகிறான். சுகம் எப்போதோ போய்விட்டது!

குடும்பம் என்ன செய்கிறது? வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று மறைக்கிறது. "கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்" என்று யார் வீட்டுப் பெண்ணையோ கட்டிவைக்கிறது. இதைவிடக் கொடுமை வேறு உண்டா?

சிலர் அறைக்குள் தள்ளிப் பூட்டுகிறார்கள். இதில் பெரிய ஆபத்து இருக்கிறது. சில வாரம் நிறுத்தினால், பழைய அளவைத் தாங்கும் சக்தி உடலுக்குப் போய்விடும். வெளியே வந்தவன் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இப்படிப் பறிபோன உயிர்கள் ஏராளம்.

டாக்டரிடம் போனால் வழி உண்டு. நாக்குக்கு அடியில் வைக்கும் "புப்ரனார்பின்" என்ற மாத்திரையைத் தந்து, வேதனையை அடக்குகிறார்கள். மாதக் கணக்கில் ஆகும். சிலருக்கு வருடக் கணக்கில் ஆகும். நடுவில் ஒருமுறை வழுக்கி விழுந்தாலும், மீண்டும் அழைத்துப் போகவேண்டும். சர்க்கரை நோய்க்காரர் ஒருநாள் லட்டு தின்றுவிட்டார் என்பதற்காக மருந்தை நிறுத்துகிறோமா?

போலீஸ் பிடிக்குமோ என்ற பயம் பலருக்கு. போதைப் பொருளைத் தடுக்கும் 1985-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்திலோ, சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலோ சிக்கினாலும், அரசு ஏற்ற ஆஸ்பத்திரியில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், தண்டனையில் இருந்து தப்பலாம். ஆனால் சிகிச்சையைப் பாதியில் விடக்கூடாது.

எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு மத்திய அரசின் டெலிபோன் எண் இருக்கிறது: 14446. காசு கிடையாது. தாயும் பேசலாம், மனைவியும் பேசலாம்.